களைப்பை ஏற்றுமதி செய்யும் வித்தை

சிறு கடை நடத்துவோருக்கு இன்று எங்கு திரும்பினாலும் ஒரே மருந்துதான் எழுதிக் கொடுக்கப்படுகிறது. "நீங்கள் களைத்துவிட்டீர்கள். எல்லாவற்றையும் நீங்களே சுமக்காதீர்கள். ஒரு மெய்நிகர் உதவியாளரை வைத்துக்கொள்ளுங்கள்." அதாவது, வேறொரு நாட்டில் இருந்துகொண்டு, இணையத்தின் ஊடாக உங்கள் கடிதங்களையும் கணக்குகளையும் கொள்வனவுக் கட்டளைகளையும் கவனிக்கும் ஒருவர். மணித்தியாலத்துக்கு இத்தனை டொலர் என்று விலையும் கூடவே அறிவிக்கப்படுகிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் இதுபற்றி என் கருத்தைக் கேட்டிருந்தனர். நான் வணிகன் அல்லன். எனினும் பத்திரிகைக் காரியாலயங்களில் நீண்டகாலம் இரவுக் கடமை பார்த்தவன் என்ற வகையில், களைப்பைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவர்களது களைப்பு பொய்யானதன்று. 'எரிந்து தீர்தல்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை நியூயோர்க் உளவியலாளர் ஹேர்பேர்ட் ஃபுரொய்டன்பேர்கர் 1974 இல் எழுதிய கட்டுரை ஒன்றின் மூலம் ஆய்வுலகுக்குக் கொண்டுவந்தார். உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் இதனை நோய் என்று வகைப்படுத்தாமல், தொழில்சார்ந்த ஒரு நிலை என்றே வகைப்படுத்தியது. சரிவரக் கையாளப்படாத, நீடித்த வேலை நெருக்கடியே இதற்குக் காரணம் என்பது அதன் விளக்கம். இதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். பழுது மனிதரில் அன்று, வேலை ஒழுங்கு செய்யப்பட்டிருக்கும் முறையில் உள்ளது.

லண்டனில் ஒரு தமிழரின் பலசரக்குக் கடையை எண்ணிப் பாருங்கள். விடியமுன் திறந்து, இரவு பூட்டியபின் அவர் வீட்டுக்குப் போனால், அங்கே இரண்டாவது கடை காத்திருக்கிறது. வற் வரிக்குப் பதிவு செய்த வணிகர்கள் யாவரும் கணக்குகளைக் கணினி மென்பொருளில் பேணி, அதன் வழியாகவே சமர்ப்பிக்க வேண்டும் என்ற விதி, பெரியவர்களுக்கு 2019 இலும் சிறியவர்களுக்கு 2022 இலும் நடைமுறைக்கு வந்தது. இதற்கு மேல் உணவு விநியோகச் செயலிகள், வாடிக்கையாளரின் நட்சத்திர மதிப்பீடுகள், வழங்குநர்களின் மின்னஞ்சல்கள். அரிசி மூட்டை தூக்கியதால் முதுகு மட்டுமே வலிக்கும். மனிதரை எரிப்பது இந்த இரண்டாவது கடைதான். ஆகவே வேலையைப் பகிர்ந்துகொடு என்ற ஆலோசனையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

என் சண்டை அது சொல்லப்படும் விதத்தோடுதான். இந்த உபதேசத்தை உலகறியச் செய்தவர் ரிம் ஃபெரிஸ் என்ற அமெரிக்கர். சொந்த வியாபாரத்தில் களைத்துப்போன இவர், வாரத்துக்கு நான்கு மணி நேரம் உழைத்தால் போதும் என்று 2007 இல் ஒரு நூல் எழுதினார். மீதி வேலையை இந்தியா போன்ற நாடுகளின் உதவியாளரிடம் ஒப்படைக்கலாம் என்பது அதன் முக்கிய யோசனைகளுள் ஒன்று. அந்த உதவியாளர் எத்தனை மணிக்குத் தூங்குவார் என்ற கேள்வி இவ்வகை உபதேசிகளுக்கு எழுவதே இல்லை.

2024 ஏப்ரலில் நியூயோர்க்கின் கோழிப்பொரியல் கடை ஒன்று பலத்த சர்ச்சைக்குள்ளானது. அங்கே காசாளர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு திரை. திரையில், பிலிப்பைன்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் வாடிக்கையாளரைப் புன்னகையுடன் வரவேற்கிறார். அவருக்கு மணிக்குச் சுமார் 3 டொலர் என்று பத்திரிகைகள் எழுதின. அந்நகரின் குறைந்தபட்ச வேதனமோ அப்போது 16 டொலர். சட்டமீறல் எதுவும் இல்லை. அந்தச் சட்டம் மாநில எல்லைக்குள் நின்று உழைப்பவருக்கு மட்டுமே உரியது. நியூயோர்க்கில் நண்பகல் என்றால் மணிலாவில் நள்ளிரவு. இதைக் களைப்புக்குப் பரிகாரம் என்று எப்படிச் சொல்வது? களைப்பு கடல் கடந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தூரத்தில் இருப்பவரிடம் வியாபாரத்தை ஒப்படைப்பது தமிழருக்குப் புதிய சங்கதியும் அன்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொழும்பு, ரங்கூன், பினாங்கு எங்கும் தொழிலை முகவர்கள் மூலமே நடத்தினர். வழக்கமான தவணை மூன்று ஆண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதி முற்பணமாக வீட்டுக்குப் போகும். இலாபத்தில் பங்கு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் கையொப்பமிடவும் அற்றோணித் தத்துவம் உண்டு. செட்டியார்களைப் புனிதராக்க நான் முனையவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 1930 களின் இறுதியில் அவர்கள் கையில் இருந்த கதையை நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த முதலாளி ஊரில் நிம்மதியாக இருந்தார் என்றால், அவர் கொடுத்தது வேலையை மட்டுமல்ல, முடிவெடுக்கும் அதிகாரத்தையும்.

இன்றைய முதலாளி என்ன செய்கிறார்? ஐந்து பவுண் பொருளைத் திருப்பி எடுக்கலாமா என்பதற்கும் உதவியாளர் அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. முன்பு தானே செய்த வேலையை இப்போது மேற்பார்வை செய்கிறார். தொலைபேசி முன்னையிலும் அதிகமாக அலறுகிறது. பிறகு, "இதுவும் சரிவரவில்லை" என்று சலித்துக்கொள்கிறார்.

எங்கள் மண்ணில் இருந்து இந்த வேலையைச் செய்யும் இளைஞர்களின் நிலை என்ன? கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவருக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரம்பிடுகிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். அதே கணக்கை ரொரன்ரோ கடைக்காக யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்து எழுதுபவருக்கு நடைமுறையில் இவற்றுள் ஒன்றும் எட்டுவதில்லை. வரி மட்டும் எட்டுகிறது. வெளிநாட்டுக்கு வழங்கும் சேவையால் வரும் வருமானத்துக்கு, விலக்களிப்புத் தொகை போக, 15 சதவீதம் வரை வரி என்று 2025 ஏப்ரலில் அரசு விதித்தது. கறக்கத் தெரிந்த அரசுக்குக் காக்கத் தெரியவில்லை.

ஆகவே எனக்கு எழுதிய நண்பர்களுக்குச் சொல்கிறேன். உதவியாளரை வையுங்கள். ஆனால் மாதச் சம்பளம் பேசுங்கள். சேமலாப நிதிக்கு ஈடான தொகையை அதன் மேல் சேர்த்துக் கொடுங்கள். நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னதாக அறிவியுங்கள். இத்தனை பவுண் வரை உன் முடிவே முடிவு என்று எழுத்தில் கொடுங்கள். இவற்றைச் செய்ய மனமில்லாதவர் தன் வேலையைத் தானே பார்க்கட்டும்.

எவருடைய இரவையும் பறிக்க வேண்டிய தேவையும் இல்லை. ரொரன்ரோவில் இரவு 9 மணிக்குக் கடை பூட்டும்போது, கோடைகாலக் கணக்கில், யாழ்ப்பாணத்தில் காலை 6.30. அன்றைய பற்றுச்சீட்டுகளை அப்போது அனுப்பிவிட்டு முதலாளி தூங்கப் போகலாம். இங்குள்ளவர் காலைச் சாப்பாட்டை முடித்து, 9 மணிக்குத் தொடங்கி, மாலை 5 மணிக்குள் கணக்கை அனுப்பிவிடலாம். அங்கே அப்போது காலை 7.30, கடை திறக்க இன்னும் நேரம் இருக்கும்.