நடைக்கூலியும் கூடுதல் பட்டையும்

நம் சங்கங்களின் அங்கத்தினர்களில் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருப்போர் இன்று பலர். 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி விற்பனைக்கு வந்தது. அதன்பின், மாட்டு வண்டி நின்ற வாசல்களில் ‘குட்டி யானை’ நிற்கத் தொடங்கியது. அதனினும் பெரிய பிக்கப் வண்டிகளும் இப்பொழுது கிராமத் தெருக்களில் சாதாரணக் காட்சியாகிவிட்டன. உழுபவன் தன் விளைபொருளைத் தானே சந்தைக்குக் கொண்டு செல்வதும், நெய்பவன் நூல் சிப்பத்தையும் பாவையும் தன் வண்டியிலேயே ஏற்றி வருவதும் மகிழத்தக்க மாறுதல்களே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். வேப்பமர நிழலில் வண்டி நிற்கும். உரிமையாளர் அதன் அடியில் படுத்திருப்பார். அவர் மகன் ஸ்பானரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஒருவர் தொட்டியின் தரையில் பலகை பாவுவார். ஒருவர் இரும்புக் குழாய் வைத்துப் பக்கங்களை உயர்த்துவார். இன்னொருவர் ஸ்பிரிங் கட்டில் மேலும் இரண்டு பட்டைகளைச் சேர்ப்பார். வேறொருவர் முன்விளக்கில் பெரிய பல்பு மாட்டுவார். பட்டறைக் கூலி மிச்சமாவதோடு, தம் கையால் செய்தோம் என்ற நிறைவும் அவர்களுக்குக் கிடைக்கிறது.

இம்முயற்சியை நாம் குறைகூற வரவில்லை. பருத்திக்குத் தட்டி கட்டியும், மழைக்குக் கூடு வேய்ந்தும், நெல்லுக்குச் சாக்கு விரித்தும் வண்டியை வேலைக்கேற்பத் திருத்திக்கொண்டவர்களே நம் முன்னோர்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டிக்கு மஞ்சளும் தெரியாது, ஊடை நூலும் தெரியாது. அதை நம் தொழிலுக்குப் பழக்குவது நம் பொறுப்பே. ஆனால் செய்யும் மாற்றங்களில் இருவகை உண்டு. சரக்கைக் காப்பதற்குச் செய்யும் மாற்றம் ஒன்று. வண்டியின் அளவை மீறுவதற்குச் செய்யும் மாற்றம் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதனால் விளையும் கேட்டைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கூடுதல் பட்டையை எடுத்துக்கொள்வோம். பட்டை சேர்த்தால் வண்டிக்கு வலிமை கூடுகிறது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் ஸ்பிரிங் ஒன்றுதான் விறைப்பாகிறது. அச்சு பழைய அச்சு. டயர் பழைய டயர். பிரேக்கும் சேஸிஸும் பழையனவே. பாவை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் எல்லா இழையும் சேர்ந்து அறுவதில்லை, நைந்த இழையே முதலில் அறும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வண்டியிலும் அப்படியே. முன்பு ஸ்பிரிங் வாங்கிக்கொண்ட அதிர்ச்சியை இப்பொழுது அச்சும் சேஸிஸும் வாங்குகின்றன. சுமையின்றித் திரும்பும்போதோ, விறைத்த ஸ்பிரிங் சக்கரத்தைத் துள்ளச் செய்து, சாலையின் மீதுள்ள பிடியைக் குறைக்கிறது.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கம்பியோடு இணைந்த சிறு வால்வு இருக்கிறது. தொட்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு சுமையை அறிந்து, பின் சக்கரங்களுக்குச் செல்லும் பிரேக்கு அழுத்தத்தை அது கூட்டியும் குறைத்தும் தருகிறது. சுமை ஏறினால் தொட்டி தாழும். பின் பிரேக்குக்கு அழுத்தம் மிகும். கூடுதல் பட்டை போட்டபின், இருமடங்கு சுமை ஏற்றினாலும் தொட்டி போதிய அளவு தாழ்வதில்லை. வண்டியில் சுமை குறைவு என்றே அவ்வால்வு கொள்ளும். பின் பிரேக்குக்குரிய அழுத்தத்தைக் கொடாது. எந்த நேரத்தில் பிரேக்கு மிகுதியாகத் தேவையோ, அந்த நேரத்திலேயே அது குறைந்துவிடுகிறது. தாளவாடியிலிருந்து காய்கறி ஏற்றித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஒருவருக்கு இதன் பொருள் என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அடுத்து, விளக்கு. 12 வோல்ட்டு மின்சாரத்தில் 60 வாட்டு பல்பு 5 ஆம்பியர் எடுக்கும். 100 வாட்டு பல்பு 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடியாக உயர்வதால், அதே கம்பி இரண்டரை மடங்குக்கு மேல் சூடேறுகிறது. கம்பியையும் சுவிட்சையும் மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றுகிறவர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. பின்னால் இருப்பது மஞ்சளாயின் ஒருவாறு தப்பலாம். பருத்தி நூலாயின் ஒரு பொறி போதும். எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்து அவரைப் பள்ளத்தில் தள்ளும் பாவம் தனி.

சட்டத்தின் நிலையையும் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. எரிவாயுக் கருவி பொருத்துதல் போன்று அனுமதிக்கப்பட்டவற்றை உரிய முறைப்படி செய்து, பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அளவுக்கு மிஞ்சிய சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமாகும்.

அபராதத்துக்கு அஞ்சி மட்டும் இதை எழுதுகிறோமில்லை. நாம் நேரில் கண்ட ஒன்று மனத்தை உறுத்துவதனாலேயே எழுதுகிறோம்.

மஞ்சள் வயலும் கைத்தறியும் அருகருகே உள்ள ஊர் ஒன்றில், விவசாய அங்கத்தினர் ஒருவர் கூட்டுறவுக் கடன் பெற்று 750 கிலோ ஏற்றத்தக்க சிறு வண்டி வாங்கினார். இருவர் ஜாமீன் நின்றனர். அவர்களில் ஒருவர் நெசவாளர். தவணை தவறாத நாணயஸ்தர் அவர். தம் வீட்டுக் கொட்டகையிலேயே கூடுதல் பட்டைகளைப் பொருத்தினார், பக்கங்களை உயர்த்தினார். சங்கத்தின் சரக்கையும் வாடகைக்கு எடுத்துச் சென்றார். அவ்வண்டி கிடங்கின் வாசலில் நின்றபோது நாம் அதைப் பார்த்தோம். “எவ்வளவு ஏற்றினாலும் தாங்குமுங்க” என்று அவர் பெருமையுடன் சொன்னார். நாமும் தலையசைத்தோம்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு சரிவில் பிரேக்கு பிடிக்காமல் வண்டி கவிழ்ந்தது. உடன் சென்ற இளைஞனின் கால் முறிந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து, பட்டைகளை எண்ணினார். பின்னர்ச் சங்கத்தின் வாடகைப் பதிவேட்டைக் கேட்டார். அதில் ‘ஒரு நடை, 27 மூட்டை’ என்று தெளிவாக எழுதியிருந்தது. மூட்டை 50 கிலோ. ஆக 1,350 கிலோ. அவ்வரிக்கு எதிரே, அதற்கு முந்தைய நடைகளுக்கு எதிரேயும், நம் ஆய்வுக் குறியும் சுருக்கொப்பமும் இருந்தன. கூலித்தொகை சரியா என்று பார்த்தோம். கூட்டல் சரியா என்று பார்த்தோம். மூட்டையின் எண்ணிக்கை நம் கண்முன் இருந்தும் நாம் அதைப் படிக்கவில்லை.

வண்டிச் சேதத்துக்குரிய காப்பீட்டுத் தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. தவணை நின்றது. ஜாமீன்தாரர் இருவருக்கும் அறிவிப்பு சென்றது. நெசவாளர் நம்மிடம் வந்து, “ஐயா, நான் அந்த வண்டியில் ஒருநாளும் ஏறினதில்லை” என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

அந்த அங்கத்தினர் பேராசைக்காரரல்லர். பழியை அவர்மீது மட்டும் போட்டுவிட்டு நகர்வது நியாயமாகாது. நம் சங்கங்கள் வண்டி வாடகையை நடைக் கணக்கில் கொடுக்கின்றன. நடைக்கு இவ்வளவு என்று பேசியபின், ஒரே நடையில் மிகுதியாக ஏற்றுபவருக்கே வேலை கிடைக்கிறது. ‘15 மூட்டைதான் ஏற்றுவேன்’ என்று சட்டப்படி சொல்பவர் வீட்டில் இருக்க வேண்டியதுதான். கூடுதல் பட்டை அவருடைய கொட்டகையில் பொருத்தப்பட்டதாயினும், அதைப் போடச் சொன்னது நம் வாடகை முறையே என்போம்.

செலவு கூடுமே என்று கேட்கலாம். கூடத்தான் செய்யும். எடுத்துக்காட்டாக, நடைக்கூலி 1,500 ரூபாய் என்று கொள்வோம். 1,250 கிலோவை ஒரே நடையில் திணித்தால் கிலோவுக்கு 1 ரூபாய் 20 காசு ஆகும்; 750 கிலோ வீதம் ஏற்றினால் 2 ரூபாய் ஆகும். மஞ்சளுக்கும் நூலுக்கும் இந்த 80 காசு பெரிதன்று. முட்டைக்கோசு மலிந்து கிடக்கும் நாளில் இது பெரிதே. ஆனால் அதற்கு வழி சிறு வண்டியைப் பெரிய வண்டியாக்க முயல்வதன்று. நான்கு பேர் சரக்கைச் சேர்த்து, அச்சுமைக்கென்றே அமைந்த லாரியை வைத்துக்கொள்வதே வழி. தனித்தனியே இயலாததைச் சேர்ந்து செய்வதற்குத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்?

ஆகவே, நிர்வாகக் குழுக்களின் கவனத்துக்குச் சிலவற்றை வைக்கிறோம்.

ஒன்று: பதிவுச் சான்றில் வண்டியின் மொத்த எடையும் வெற்றெடையும் குறித்திருக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் ஏற்றத்தக்க சுமை கிடைக்கும். ஓட்டுநரும் உடன் செல்பவரும் அதில் அடக்கம். அச்சுமையே ஒரு நடை என்று சங்கம் தீர்மானம் செய்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டது மறுநடை. அதற்குத் தனிக் கூலி.

இரண்டு: வாடகைப் பதிவேட்டில் மூட்டைக் கணக்கோடு எடையும், அவ்வண்டிக்குரிய அளவும் எழுதப்படல் வேண்டும். ஆய்வுக்கு வருவோர் அவ்விரண்டையும் ஒப்பிட்டபின்னரே ஒப்பமிடல் வேண்டும். இது நமக்கு நாமே விதித்துக்கொள்ளும் விதியுமாகும்.

மூன்று: வண்டிக்கடன் கொடுக்கும்போது, அனுமதியற்ற மாற்றத்தால் காப்பீட்டுக்கு நேரும் ஆபத்தைக் கடனாளிக்கும் ஜாமீன்தாரருக்கும் அவர்கள் பேசும் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். அச்சிட்ட தாளில் கையெழுத்து வாங்குவதோடு கடமை முடிந்துவிடாது.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்த வேண்டாம். தொட்டியின் தரைக்குப் பலகையோ ரப்பர் விரிப்போ போடுங்கள். கிழியாத தார்ப்பாய் வாங்குங்கள். சரக்கு அசையாதிருக்க நல்ல கயிறும் பட்டைநாடாவும் வையுங்கள். ஸ்பிரிங் இணைப்புகளுக்குக் கிரீஸ் இடுங்கள். டயரின் காற்றைச் சுமை ஏற்றுமுன் பாருங்கள். பின்புறத்து ஒளிர்பட்டையைத் துடைத்து வையுங்கள். மங்கிய விளக்குக் கண்ணாடியைத் துலக்கினாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும். பட்டை முறிந்தால் அதே எண்ணிக்கையில், அதே அளவில் மாற்றுங்கள். நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு கிலோ இரும்பும் ஏற்றத்தக்க சுமையில் ஒரு கிலோவைத் தின்றுவிடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒவ்வொரு வண்டியின் பின்னும் அதன் உரிமையாளருடைய உழைப்பு மட்டும் இல்லை. அவருக்காகக் கையெழுத்திட்ட இரண்டு குடும்பங்களின் நம்பிக்கையும் இருக்கிறது. அந்நம்பிக்கையின்மீது கூடுதல் சுமை ஏற்ற நமக்கு உரிமையில்லை. வரும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ‘வண்டி வாடகை’ என்ற ஒரு பொருளைச் சேர்க்கும்படி ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.