லைன் வீட்டு இன்டர்நெட்

அருள்புரத்தில் நான் குடியிருப்பது லைன் வீட்டில். பத்து வீட்டுக்கும் ஒரே கதவு எண். நாம் அனுப்பும் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேரும். நமக்கு வருவதுதான் தகராறு. போன மாதம் என் ஏ.டி.எம். கார்டு 'ஆள் இல்லை' என்று திரும்பிப் போய்விட்டது. ஆள் உள்ளேதான் இருந்தேன், சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு!

அதே வாரம் சென்னையிலிருந்து எங்கள் பனியன் கம்பெனி முதலாளி போன் பண்ணினார்.

"ஏப்பா, கட்டிங் கேமரா போன்ல தெரிய மாட்டேங்குது?"

"புது நெட் கனெக்‌ஷன் மாத்துனதுல இருந்து அப்படித்தானுங்கண்ணா."

நெட்காரரைக் கேட்டேன். "உங்களுக்குத் தனி அட்ரஸ் இல்லீங்க. பல பேருக்குச் சேர்த்து ஒண்ணுதான். தனியா வேணும்னா மாசாமாசம் பணம் கட்டோணும்" என்றார். அட, இங்கேயும் லைன் வீடா!

விஷயம் இதுதான். இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையான ஐ.பி.வி.4-ல் மொத்தம் இருப்பதே சுமார் 430 கோடி எண்கள். 2011 பிப்ரவரி 3-ம் தேதி உலகக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிட்டன. அதனால்தான் இந்த ஒண்டுக்குடித்தனம்.

புது முறையான ஐ.பி.வி.6-க்குப் பஞ்சமே கிடையாது. மொத்த எண்ணிக்கையை எழுத 39 இலக்கம் வேண்டும்! முதல் விதிமுறை 1995-லேயே வந்துவிட்டது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2010-ல் மாறுவதற்கான திட்டம் போட்டது. 2016-ல் ஜியோ வந்ததும் செல்போன்கள் முந்திக்கொண்டன. உங்கள் போன் செட்டிங்கில் ஐ.பி. முகவரியைப் பாருங்கள். எண்ணும் எழுத்துமாக, நடுவே முக்காற்புள்ளிகளோடு நீளமாக இருந்தால் நீங்களும் புது வீட்டுக்காரர்தான்.

பின் ஏன் எல்லோரும் மாறவில்லை? பழசும் புதுசும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. எங்கள் நெட்டில் புது முகவரி இலவசமாகவே வந்துகொண்டிருந்தது. முதலாளியின் போனிலும் இருந்தது. கேமரா ரெக்கார்டருக்குத்தான் அந்தப் பாஷை தெரியவில்லை! பழைய முகவரிக்கு மாத வாடகையா, புது ரெக்கார்டரா? முதலாளி ஒரு ராத்திரி யோசித்துவிட்டுப் புதுசே வாங்கினார்.

ஒரு எச்சரிக்கை. தனிக் கதவு வந்தால் தனிப் பூட்டும் வேண்டும். மோடத்தில் ஃபயர்வாலைப் போட்டு, '12345' பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன்.

இப்போது கேமரா பளிச்சென்று தெரிகிறது. நேற்று சென்னையிலிருந்து மறுபடியும் போன்.

"ஏன் கண்ணு, பதினோரு மணிக்குள்ள ரெண்டாவது டீயா?"

லைன் வீடே தேவலை!