கடையில் வாங்கிய ஆமையை ஊர்க் குளத்தில் விடலாமா?

கேள்வி: ‘‘பேரப்பிள்ளைகளுக்காகப் பட்டணத்தில் வாங்கிய குட்டி ஆமை, நாலைந்து வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்துவிட்டது. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கிறது. தொட்டியில் வைத்துப் பராமரிக்க முடியவில்லை. ஊர்க் குளத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?’’
- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: நன்றாகவே பிழைத்துக்கொள்ளும். பிரச்னையே அதுதான். அதனால், தயவுசெய்து குளத்தில் விட வேண்டாம்.

கடைக்காரர்கள் ‘ரெட் இயர்டு ஸ்லைடர்’ என்று சொல்லி விற்கும் சிவப்புக்காது ஆமை இது. இதன் சொந்த இடம், அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. ஆமை வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவந்த ஊரிலேயே, இன்று ‘ராசி ஆமை’ என்று இதை வாங்குகிறார்கள். வாங்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும். வளர்ந்தால் ஓர் அடி நீளம் வரை வரும். 20, 30 ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். தண்ணீர் மாற்றி, தீனி போட்டு அலுத்துப்போனவர்கள் குளத்திலோ, கால்வாயிலோ விட்டுவிடுகிறார்கள். கேரளாவில், திருச்சூர் அருகே காளத்தோடு கால்வாயில் 2018-ம் ஆண்டு இந்த ஆமை பிடிபட்டது. அதன் பிறகு, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், மக்களிடமிருந்து இவற்றைச் சேகரிக்கும் வேலையில் இறங்கியது.

நம் குளம், வயல், வாய்க்கால்களில் பாலாமையும் காராமையும் வாழ்கின்றன. நத்தை, புழு, செத்த மீன், பாசி ஆகியவற்றைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருப்பவை இவை. கோடையில் குளம் வற்றினால், பாலாமை சேற்றுக்குள் புதைந்துகொண்டு அடுத்த மழைக்காகக் காத்திருக்கும்.

ஆமைக்கு இரை எவ்வளவு முக்கியமோ, வெயில் காய்வதும் அவ்வளவு முக்கியம். உடம்பில் சூடு ஏறினால்தான் தின்றது செரிக்கும். குளத்தில் அதற்கு வாகான கல்லும் கட்டையும் கொஞ்சம்தான் இருக்கும். அந்த இடங்களை வந்தேறி ஆமை பிடித்துக்கொள்கிறது. பிரான்ஸில், உள்ளூர் ஆமைகளையும் சிவப்புக்காது ஆமைகளையும் ஒரே குளத்தில் விட்டு ஆராய்ந்தார்கள். உள்ளூர் ஆமைகள் நல்ல இடங்களை இழந்தன, எடை குறைந்தன, அதிகமாகச் செத்தும்போயின. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதிக்குத் தடை போட்டுவிட்டது. இது மீன்குஞ்சு, தவளைக்குஞ்சு, நீர்த்தாவரம் என எதையும் தின்னும். வருடத்துக்குப் பல முறை முட்டையிடும். புது நோய்களும் இதனுடன் வரலாம்.

அடையாளம் காண்பது எப்படி?
சிவப்புக்காது ஆமை: கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, கழுத்திலும் காலிலும் மஞ்சள் கோடுகள். வயதான ஆமைகளில் நிறம் மங்கியிருக்கும்.
பாலாமை: தோல் போர்த்திய மெத்தென்ற ஓடு, குழாய் போல் நீண்ட மூக்கு.
காராமை: கறுத்த, கெட்டியான ஓடு, முதுகில் மூன்று வரிமேடு.

என்ன செய்யலாம்?
குளம், ஏரி, கிணறு, கோயில் தெப்பக்குளம் எதிலும் விடாதீர்கள். ஏறித் தப்ப முடியாத, உயரமான சுவர் கொண்ட சிமென்ட் தொட்டியில் வையுங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்க வேண்டாம். வளர்க்கவே முடியாது என்றால், அருகில் உள்ள வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். ஆமையைத் தொட்ட பிறகு குழந்தைகள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி ஆமைகளிடம் இருக்கும். இதனால்தான், 4 அங்குலத்துக்குக் குறைவான குட்டிகளை விற்க அமெரிக்காவிலேயே 1975-ல் தடை விதித்தார்கள்.

மீன் பிடிக்கும்போது வலையில் பாலாமையோ, காராமையோ சிக்கினால், அதே குளத்தில் விட்டுவிடுங்கள். பாலாமையைப் பிடிப்பதும் கறிக்கு விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிவப்புப் பட்டை உள்ள ஆமை சிக்கினால், மறுபடி தண்ணீரில் விடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஒன்றிரண்டாக இருக்கும்போதே பிடித்துவிடுவது சுலபம். குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டால், குளத்தை இறைத்தால்கூட ஒழிப்பது கடினம்.