காயிலை மாற்றும் முன்…

கேள்வி: எங்களிடம் பழைய பெட்ரோல் - மண்ணெண்ணெய் பம்ப்செட் உள்ளது. மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்தது. இப்போது எவ்வளவு கயிறு இழுத்தாலும் கிளம்பவில்லை. பிளக்கில் பொறி இல்லை. காயில் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். சின்ன வெங்காயம் காய் திரளும் பருவம். என்ன செய்யலாம்?
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் வாடகை இன்ஜின் வைத்தாவது ஒரு தண்ணீர் கட்டிவிட வேண்டும். இன்ஜினை அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம். சும்மா கிடந்த இன்ஜினில் காயிலைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்த இன்ஜினுக்கு பேட்டரி கிடையாது. ஃபிளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடந்து சுற்றும்போது, காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. பாயிண்ட் மூடியிருக்கும் வரைதான் அந்த ஓட்டம். உரிய நொடியில் கேம் பாயிண்டைத் திறக்க, ஓட்டம் சட்டென்று அறுபடுகிறது. வேகமாக ஓடும் தண்ணீரைத் திடீரென்று அடைத்தால் பைப் 'டம்' என்று அதிருமே, அதுபோலத்தான். பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கில் பொறியாகத் தாவுகிறது.

பாயிண்ட் முகத்தில் ஈரத்தால் லேசாகப் படிவு பிடித்தாலே மின்சாரம் ஓடாது. பிறகு அறுபட என்ன இருக்கிறது? மிக நைசான எமரித் தாளால் தேய்த்து, சுத்தமான தாளால் தூளைத் துடைத்தால் பெரும்பாலும் பொறி வந்துவிடும். இடைவெளி பல சிறிய இன்ஜின்களில் 0.3 முதல் 0.4 மி.மீ.; இன்ஜின் புத்தகத்தில் உள்ள அளவே சரி. கேமில் உரசும் ஃபைபர் தேய்ந்தால் இடைவெளி குறைந்து, பொறி தாமதமாகும். இன்ஜின் இழுவை குறைந்து சூடேறும்.

அதற்கும் முன்பு, கரி பிடிக்காத வேறு பிளக் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டாப் சுவிட்ச் ஒயரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். எலி கடித்து, அது பாடியில் பட்டாலே பொறி நின்றுவிடும். சோதிக்கும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

சுத்தம் செய்த பாயிண்ட் சீக்கிரமே கருகிக் குழி விழுந்தால் கண்டென்சரை மாற்ற வேண்டும். பாயிண்டில் தீப்பொறி எழாமல் தடுத்து, மின்சாரத்தைச் 'சுருக்'கென்று அறுக்க உதவுவது அதுதான். காயிலைவிட விலையும் குறைவு. புதுக் கண்டென்சர் போட்ட பிறகும், சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் அப்போது காயிலை மாற்றலாம்.