திருப்பத்தில் இருக்கட்டும் விளையாட்டு

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் நான்கு கோடும் ஒரு அம்பும் போட்டு ‘மண்டபம் செல்லும் வழி’ என்று எழுதிக் கொடுத்த காலம் போய்விட்டது. இப்போது ரூட் மேப்பைத் தனி அட்டையாக, வண்ணச் சித்திரமாகக் கேட்கிறார்கள். நம் கைக்கு விளையாட இடம் கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் பார்வைக்கு வரும் அட்டைகள் பலவற்றில் படத்துக்கும் வழிக்கும் சம்பந்தமே இல்லை.

மதுரையை எடுத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள்: உள்ளே ஆடி, அடுத்தடுத்து சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு உண்டு. வெளியூர் விருந்தாளி மேல மாசி வீதிக்குப் பதில் மேல ஆவணி மூல வீதியில் நின்று போன் அடித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. மண்டபம் மேல மாசி வீதியில் இருக்க, மதுரை என்றாலே ஜிகர்தண்டா என்று விளக்குத்தூண் பக்கம் ஆளுயர கிளாஸை வரைந்து வைத்தால், பார்ப்பவர் கண் நேரே கோயிலுக்குக் கிழக்கே போய்விடும். ரயில் நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் ரோட்டில் வருபவர் எந்த முக்கில் திரும்ப வேண்டுமோ, அங்கேதான் வேடிக்கை நிற்க வேண்டும். பெட்டியும் கையுமாக ஒரு மாமா அந்த முக்கில் நின்று, “இந்தப் பக்கம் மாப்ள!” என்று கூப்பிடட்டும். சித்திரை வீதிகளில் வண்டி போகாது. கோயிலுக்கும் போய்வர நினைப்பவர்களுக்கு ஆட்டோ எங்கே இறக்கிவிடும், அங்கிருந்து பட்டுச்சேலையோடு எத்தனை நிமிட நடை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மேக்டொனால்ட் கில் 1914-ல் லண்டன் பாதாள ரயிலுக்காக வரைந்த ‘வொண்டர்கிரவுண்ட்’ வரைபடம் நம் தொழிலுக்கு மூதாதை. தெருவெல்லாம் ஆட்கள், வாயெல்லாம் பேச்சு, மூலைக்கு மூலை குறும்பு. அது ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் நிதானமாக நின்று பார்ப்பதற்காக ஸ்டேஷன் சுவரில் மாட்டப்பட்டது. நம் அட்டையோ ஓடும் ஆட்டோவில், அரைத்தூக்கத்தில் படிக்கப்படுகிறது. அதே ரயிலுக்கு ஹாரி பெக் போட்டு 1933-ல் அச்சான வரைபடம் தூரங்களைத் தைரியமாகச் சுருக்கி, எங்கே மாற வேண்டும் என்பதை மட்டும் பளிச்சென்று காட்டியது. நமக்கு இருவருமே வேண்டும். நேரே போகும் நீளத்தை பெக் மாதிரி சுருக்குங்கள். மிச்சமாகும் இடம் முழுவதையும் திருப்பங்களுக்குக் கொடுத்து, அங்கே கில்லின் குறும்பைக் கொட்டுங்கள்.

அடையாளம் எது என்பதை முகூர்த்தம்தான் முடிவுசெய்ய வேண்டும். 4.30–6.00 முகூர்த்தம் என்றால் ஜவுளிக்கடை ஷட்டர் இறங்கியிருக்கும், போர்டில் விளக்கு எரியாது. திறந்திருக்கும் டீக்கடையும் பூக்கடையும் பெட்ரோல் பங்கும்தான் அந்நேரத்துக்குத் துணை. பகலில் போய் ஸ்கெட்ச் போட்டு வந்தால் போதாது, முகூர்த்த வேளையில் அந்த முக்கில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இதற்கும் சேர்த்தே கூலி கேளுங்கள். நியாயமான கூலிதான் அது.

அச்சுக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியது மூலைகளை. நம் வீடுகளில் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவாமல் கொடுக்க மாட்டார்கள். வலது கீழ்மூலையில் மண்டபத்தை வைத்தால் முதலில் மறைவது மண்டபம்தான். மூலைகளில் மரமோ மேகமோ கோலமோ இருக்கட்டும், எழுத்து வேண்டாம். க்யூஆர் கோடைத் தங்க ஃபாயிலில் அடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வெளிச்சத்தில் அது பளபளத்தால் போன் கேமரா திணறும். வெள்ளையில் கறுப்பு மை போதும், சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள்.

ரெடிமேடாக வாங்கும் யானை, தென்னை, மஞ்சள் ஆட்டோப் படங்களை எந்த ஊர் மேப்பிலும் ஒட்டலாம். அதனாலேயே அவை எந்த ஊருக்கும் உதவாது. அந்தத் தெரு வேப்பமரத்தடிப் பிள்ளையாரை, மாப்பிள்ளை அழைப்பு கிளம்பும் அதே பிள்ளையாரை, பார்த்து வரைந்தால் விருந்தாளிக்கு வழியும் கிடைக்கும், கல்யாண வீட்டாருக்கு மனமும் நிறையும்.

ப்ரூஃபை அவர்களிடம் மட்டும் காட்டித் திருப்தி அடையாதீர்கள். மண்டபம் தெரிந்தவர் கண்ணுக்கு எந்த மேப்பும் சரியாகவே படும். ஊர் தெரியாத ஒருவர் கையில் கொடுத்து, ஸ்டேஷனிலிருந்து மண்டபம் வரை வாயால் வழி சொல்லச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, அந்த முக்கை மறுபடி வரையுங்கள்.