விண்ணுலகத்தாரின் சிகை

விஞ்ஞானக் கதையொன்றைப் படித்து முடித்தவரோ, அத்தகைய படமொன்றைப் பார்த்துவிட்டு அரங்கிலிருந்து வெளியே வந்தவரோ, அதிலே தோன்றிய விண்கலத்தின் வேகத்தைப்பற்றியும் ஆயுதங்களின் நுட்பத்தைப்பற்றியும் நெடுநேரம் தர்க்கம் செய்வாரேயன்றி, அக்கலத்தில் பிரயாணம் செய்தவர்களின் தலைமயிரைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவது அபூர்வம். ஆனால் ஓர் ஆசிரியர் வேற்றுலகமொன்றை மெய்யாகவே கற்பனை செய்தாரா, அல்லது தம் காலத்து மனிதர்களுக்கே வேஷம் போட்டு மேடையேற்றினாரா என்பதை அறிவதற்கு, இயந்திரங்களைக் காட்டிலும் சிகையே நம்பத்தக்க சாட்சி என்பது என் திடமான அபிப்பிராயம். இயந்திரத்தை ஒருமுறை செய்து நிறுத்திவிடலாம். மயிரோ நாள்தோறும் வளர்வது. வளர்வதனாலேயே அதை வாரவும், எண்ணெயிடவும், பின்னவும், கத்தரிக்கவும் ஒரு கை வேண்டியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்று கேட்கத் தொடங்கினால் குடும்பம், அந்தஸ்து, சமயம், துக்கம், மங்கலம் என்று ஒரு சமுதாயத்தின் வாழ்வு முழுவதும் அதன் பின்னே வந்து நிற்கும்.

மதிநுட்பம் மிகுந்தவன் மொட்டைத் தலையன், மூர்க்கம் மிகுந்தவன் நீள்முடியன் என்ற ஒரு சம்பிரதாயம் இவ்விலக்கியத்தில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. அதன் தொடக்கத்தைத் தேடிச் செல்பவர் எச். ஜி. வெல்ஸிடம் வந்து சேர்வார். பத்து லட்சம் ஆண்டுகளுக்குப் பின் மனிதன் எவ்வாறு இருப்பான் என்பதைப்பற்றி 1893-இல் அவர் எழுதிய கட்டுரையில், மூளை பெருத்து உடல் சிறுத்த ஒரு ஜீவனைக் கற்பித்தார். 1898-இல் நூலாக வெளிவந்த செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாவலில், எண்ணெய்ப் பசை படிந்த தோலும் பெருவிழிகளும் கொண்டு, தலையே உடலாகிய பகைவனாக அந்த ஜீவன் பூமியில் வந்து இறங்கிற்று. இன்று உலகெங்கும் சிறுவர்கூட வரைந்து காட்டுகின்ற, மயிரற்ற பெருந்தலையையுடைய சாம்பல்நிற விண்ணவனும் அந்த வம்சத்தைச் சேர்ந்தவனே. வெல்ஸைக் குறை கூற எனக்கு மனமில்லை. 1895-இல் வெளிவந்த காலயந்திரக் கதையில், மேலுலகில் வாழும் ஈலாய் மக்களின் சுருள்மயிர் கழுத்தோரத்திலும் கன்னத்தோரத்திலும் சட்டென்று முடிந்துவிடுவதையும், நிலத்தடியில் உழலும் மார்லாக்குகளின் வெளிறிய மயிர் முதுகின் வழியே இறங்குவதையும் கவனித்து எழுதி, வர்க்க பேதமானது எட்டு லட்சம் ஆண்டுகளில் உடலிலேயே ஊறிப்போனதைக் காட்டியவர் அவர்தாம். பின்வந்தோர் அந்தப் பார்வையை விட்டுவிட்டு மொட்டைத் தலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சம்பிரதாயத்தின் மறுபாதிக்கு ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கிளிங்கான் மக்களைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஏறத்தாழ மனிதத் தோற்றத்துடனேயே உலவிய அவர்களுக்கு, 1979-ஆம் ஆண்டின் திரைப்படத்தில் எலும்பு புடைத்த நெற்றியும் பின்னே தொங்கும் நீண்ட முடியும் வாய்த்தன. அன்றுமுதல் நீள்முடி அவர்களுடைய போர்க்குணத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது. 2017-இல் வந்த புதிய தொடர் அவர்களை முற்றிலும் மழித்த தலையினராகக் காட்டியபோது ரசிகர்களிற் பலர் மனம் வருந்தினர். 2019-இல், போர்க்காலத்தில் மழித்துக்கொண்டவர்கள் சமாதான காலத்தில் மீண்டும் வளர்க்கிறார்கள் என்ற காரணம் கதைக்குள்ளேயே அமைக்கப்பட்டது. இந்த ஒரு சிறு திருத்தம், அதற்கு முன் பல பத்தாண்டுகள் பொய்முடி தரித்து நின்ற கிளிங்கான்கள் அனைவரையும்விட அந்த ஜாதிக்கு அதிக உயிரைத் தந்தது என்பேன். ஏனெனில் மழிப்பதற்கும் வளர்ப்பதற்கும் ஒரு காலமும் ஒரு காரணமும் உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

அதே 1979-ஆம் ஆண்டுப் படத்தில்தான் பம்பாயில் பிறந்த நடிகை பெர்ஸிஸ் கம்பாட்டா, டெல்ட்டா கிரகத்துப் பெண்ணாக நடிப்பதற்காகத் தம் தலையை முழுவதும் மழித்துக்கொண்டார். 1965-இல் இந்திய அழகியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், மழித்த தலையுடனும் அழகின் நிறைவாகவே திரையில் தோன்றியது சாமானியமான காரியமன்று. அவருக்கு முன்னும் பின்னும் இக்கதைகளில் தலை மழிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அடிமைப்பட்டவர்கள்: ஜார்ஜ் லூகாஸ் 1971-இல் எடுத்த முதற்படத்தில் ஆணும் பெண்ணும் ஒருங்கே மழிக்கப்பட்டு எண்களாக வாழ்கிறார்கள்; 1992-இல் வந்த மூன்றாவது ‘ஏலியன்’ படத்தில், பேன் மலிந்த சிறைக் கிரகத்தில் கதாநாயகி ரிப்ளி தலையை மழிக்க நேர்கிறது. கம்பாட்டாவின் சிரம் ஒன்றே சுதந்திரமான சிரமாகத் தோன்றுகிறது.

1987-இல் ‘ஸ்டார் ட்ரெக்’கின் அடுத்த தலைமுறைத் தொடர் தொடங்கியபோது வழுக்கைத் தலையரான பாட்ரிக் ஸ்டூவர்ட்டைக் கப்பல் தலைவராக ஏற்பதில் அதன் கர்த்தாவாகிய ஜீன் ராடன்பெரிக்கே முதலில் சம்மதமில்லை, லண்டனிலிருந்து பொய்முடி வரவழைத்தும் பார்த்தார்கள். பிறகு, இருபத்துநாலாம் நூற்றாண்டிலுமா வழுக்கைக்கு மருந்து இராது என்று நிருபர் ஒருவர் கேட்டபோது, அந்த நூற்றாண்டில் அதைப்பற்றி எவரும் கவலைப்பட மாட்டார்கள் என்ற பொருள்பட ராடன்பெரியே விடை பகர்ந்தார். விஞ்ஞானக் கற்பனையின் முழுப் பெருமையும் அந்த விடையில் இருக்கிறது. ஆனால் 1995-இல் கேட் மல்க்ரூ முதன்முதலாக ஒரு தொடருக்கே தலைவியான பெண் காப்டனாக வந்தபோது, அவருடைய கொண்டையை எப்படி அமைப்பது என்று தயாரிப்பாளர்கள் ஓயாமல் ஆலோசித்து மாற்றிக்கொண்டேயிருந்தார்கள். ஆடவனின் வழுக்கையை மன்னித்த அதே எதிர்காலம் பெண்ணின் கூந்தலைச் சும்மா விடவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

1977-இல் வந்த லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் இளவரசி லேயா காதோரங்களில் சுற்றிவைத்த இரு கொண்டைகளை அறியாதார் இலர். மெக்ஸிகோப் புரட்சிக்காலத்துப் பெண்களிடமிருந்து அதை எடுத்ததாக லூகாஸ் கூறியிருக்கிறார்; அமெரிக்கப் பழங்குடியினரான ஹோப்பி இனத்தின் மணமாகாத பெண்கள் முடியும் சுருளையும் அது நினைவூட்டுகிறது. அதே வரிசையில் 1999-இல் வந்த படத்தில் அரசி அமிடாலாவின் தலைக்கோலம் மங்கோலியப் பெண்களுடையது. இரவல் பெறுவதில் பிழையில்லை. எல்லாக் கலையும் இரவல் பெறுகிறது. ஆனால் ஹோப்பிப் பெண்ணின் சுருள் அவள் பருவத்தை ஊருக்கு அறிவித்தது. அதைப் போட்டுவிடத் தாய் இருந்தாள். லேயாவின் கொண்டைக்கு அவள் நாட்டில் என்ன அர்த்தம் என்பதை அந்த முதற்படம் நமக்குச் சொல்லவில்லை. சிறையிலும் போரிலும் அதைக் கலைத்து முடிந்துவிட ஒரு தோழியும் வரவில்லை.

அந்தத் தோழியை நான் கண்டது ‘பாபிலோன் 5’ என்ற தொடரில். அதில் வரும் சென்டாரி ஆடவர்கள் விசிறிபோல் முடியை நிமிர்த்தி, அதன் உயரத்தால் தம் பதவியின் உயரத்தைக் காட்டுகிறார்கள். அது நல்ல கற்பனை, ஆயினும் மனத்தைத் தொடுவது வேறொன்று. மின்பாரி என்னும் ஜாதியாருக்குத் தலையில் மயிர் கிடையாது, எலும்பு முகடு மட்டுமே உண்டு. அவர்களுடைய பிரதிநிதியாகிய டிலென், 1994-இல் தொடங்கிய இரண்டாம் பருவத்தில், இரு ஜாதிகளுக்கும் பாலமாக வேண்டித் தன் உடலையே மாற்றிக்கொண்டு பாதி மானிடப் பெண்ணாகிறாள், கூந்தலும் முளைக்கிறது. முளைத்த கூந்தலை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தாயோ பாட்டியோ சொல்லித் தந்திராத வித்தை அது. ஆகவே கதை நிகழும் விண்நிலையத்தின் மனித அதிகாரியான ஐவனோவாவிடம் சென்று வெட்கத்துடன் உதவி கேட்கிறாள். மின்பாரிகள் மனித குலத்தை ஏறத்தாழ அழித்தேவிட்ட போரில் தமையனை இழந்தவள் ஐவனோவா. அவளிடம்தான் இந்தக் கேள்வி, அவளும் உதவுகிறாள். இரு ஜாதிகளின் சமாதானத்தை எத்தனை ஒப்பந்தக் காட்சிகளைக் கொண்டு காட்டியிருந்தாலும், இந்தச் சில நிமிஷங்கள் காட்டியதைக் காட்டியிருக்க இயலாது.

இன்னொரு குறை நெடுங்காலம் தீராமலிருந்தது. 1966-இல் நிஷெல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பின நடிகை ‘ஸ்டார் ட்ரெக்’ விண்கலத்தின் அதிகாரியாக அமர்ந்தது சரித்திரம். ஆனால் அவர் தலையில் இருந்தது நேராக்கிய மயிராலான பொய்முடி. எதிர்காலத்தில் அவருக்கு ஆசனம் கிடைத்தது, அவருடைய கேசத்துக்குக் கிடைக்கவில்லை. 2018-இல் ‘பிளாக் பாந்தர்’ படத்தில் ஒக்கோயே என்ற வீராங்கனை, தான் அணிய நேர்ந்த பொய்முடியைப் பிடுங்கி எதிரியின் முகத்தில் எறிந்தபோது அந்த அரை நூற்றாண்டுக் கணக்கு ஓரளவு தீர்ந்தது.

ஆயினும் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2015-இல், நைஜீரிய வம்சத்தவரான நேடி ஒகோராஃபோர் எழுதிய ‘பின்டி’ என்ற குறுநாவல் இவ்விஷயத்தை ஆழமாகத் தொட்டுவிட்டது. ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசுகளும் அதற்கே கிடைத்தன. நமீபியாவின் ஹிம்பா இனத்துப் பெண்ணொருத்தி, சொந்த மண்ணைக் குழைத்துச் செய்த ‘ஓட்ஜிசே’ என்னும் செங்களிம்பைத் தோலிலும் கூந்தலிலும் பூசிக்கொண்டு, வேற்றுக் கிரகத்துப் பல்கலைக்கழகத்துக்குத் தனியே புறப்படுகிறாள். அவள் பின்னல்களில் குலத்தின் வரலாறே கணித ஒழுங்காக இழைக்கப்பட்டிருக்கிறது. புறப்படும் நிலையத்திலேயே அயலினப் பெண்ணொருத்தி கேளாமல் அந்தப் பின்னலைத் தொட்டுப் பார்க்கிறாள். வழியில் மெடூஸ் என்ற விண்ணினத்தார் கலத்தைத் தாக்க, முடிவில் சமாதானத்தின் விலையாக அவள் கூந்தலே உணர்கொம்புகளாக மாறிவிடுகிறது. 1933-இல் சி. எல். மூர் எழுதிய ‘ஷாம்ப்ளோ’ கதையில் செவ்வாய்க் கிரகத்தில் எதிர்ப்பட்ட பெண்ணொருத்தியின் தலைப்பாகைக்குள்ளிருந்து நெளிந்து இறங்கிய உயிருள்ள கூந்தல் ஆண்மகனை விழுங்கும் பயங்கரமாக இருந்தது. பின்டியின் தலையில் அத்தகைய கூந்தல் அவளுடைய சொந்த உடலாகிவிடுகிறது. அவள் அதைக் கண்டு அழுகிறாள், அஞ்சுகிறாள், ஆனால் வெட்டியெறியவில்லை. போய்ச் சேர்ந்த கிரகத்தின் காட்டில் களிமண் தேடி, புதிய ஓட்ஜிசே குழைத்து, அந்தப் புதிய கொம்புகளின்மேல் ஒவ்வொன்றாகப் பூசிக்கொள்கிறாள்.