கணினிப் பெட்டியும் கைவினையும்

பழைய கணினிப் பெட்டியொன்றைக் கழற்றி, அறுத்து, அராவி, அதற்கு வர்ணந் தீட்டும் வேலையில் மாணவர் சிலர் ஈடுபட்டிருப்பதைக் காண்போர், “பாடத்தை விட்டுவிட்டு இஃதென்ன வீண் வேலை?” என்று வினாவுதல் இயல்பே. அவ்வினாவை ஆராயாது தள்ளிவிடுதல் முறையன்று. சிவப்பு நிறம் பூசியதனால் ஒரு கணினி விரைவாகக் கணக்கிடப் போவதில்லை. நீல நிறம் பூசியதனால் அதன் ஞாபகசக்தி பெருகப் போவதுமில்லை. ஆயினும், இவ்வேலையை முதன்முறையாகச் செய்து முடிக்கும் மாணவன், தொடங்கும்போது தன்னிடம் இல்லாதிருந்த ஓர் அறிவையும் ஒரு துணிவையும் பெற்றே எழுகின்றான் என்பது எமது துணிபு. அதற்குரிய காரணங்களை இவ்விழா மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும், ஆசிரியர்க்கும், இன்று கற்கும் இளைஞர்க்கும் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கணினியின் கூட்டை உரியவரே அமைத்துக்கொள்ளும் வழக்கம், கணினி வீட்டுக்குள் வந்த காலந்தொட்டே உள்ளது. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அல்டேயர் 8800 என்னும் கணினியைப் பலர் உதிரிப் பாகங்களாகவே வாங்கி, தாமே ஈயப்பற்று வைத்துப் பூட்டினர். 1976 இல் வெளிவந்த முதலாவது அப்பிள் கணினி, பாகங்கள் பொருத்திய ஒரு மின்சுற்றுப் பலகையாகவே விற்கப்பட்டது. கூடும், விசைப்பலகையும், மின்மாற்றியும் வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தன. மரப்பலகையாற் பெட்டி செய்து அதனுட் பொருத்தியோரும் உளர். பின்னர்ப் பெருங் கம்பனிகள் இத்தொழிலில் முன்னின்றன. 1981 இல் ஐபிஎம் கம்பனி தனது தனியாள் கணினியை வெளியிட்டதன்பின், ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மேசைகளில் வீற்றிருந்தவை பெரும்பாலும் ஒரே மங்கல் நிறப் பெட்டிகளே. 1998 இல் அப்பிள் கம்பனி ஊடுதெரியும் நீலப்பச்சை நிறத்தில் ஐமக் கணினியை வெளியிட்டபோது, கணினிக்கும் நிறம் உண்டு என்பதை உலகம் வியப்புடன் நோக்கியது.

எனினும், பெட்டியை அறுக்கும் வழக்கம் அழகை மாத்திரம் நாடி எழுந்ததன்று. வெப்பமும் அதற்கொரு காரணமாயிற்று. அதே 1998 இல் இன்டெல் கம்பனி வெளியிட்ட செலரொன் 300ஏ என்னும் புரொசெசர், 300 மெகாஹேட்ஸ் வேகத்துக்கென விற்கப்பட்டது. ஆர்வலர் பலர் அதனை 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயக்கினர். வேகம் கூட வெப்பமுங் கூடும். அவ்வெப்பத்தை வெளியேற்றுதற்குப் பெட்டியின் மேற்றகட்டிலும் பக்கத்தகட்டிலும் துளையிட்டு விசிறி பூட்டினர். சிலர் பக்கத்தகட்டிற் சாளரம் வெட்டி, அக்கிரிலிக் தகடு பதித்து, உள்ளுறுப்புகள் வெளியே தெரியுமாறு செய்தனர். இளைஞர் தத்தம் கணினிகளைச் சுமந்து சென்று ஓரிடத்தில் இணைத்து விளையாடிய கூட்டங்களில் இப்பெட்டிகள் காட்சிப் பொருள்களாயின. இன்று கடைகளில் விற்கப்படும் கண்ணாடிப் பக்கமுடைய பெட்டிகளெல்லாம் அவ்வார்வலர் கையால் வெட்டிய சாளரங்களின் வழித்தோன்றல்களே.

பழைய பெட்டிக்கு இத்துணைப் பாடுபடுதல் தகுமோ என ஐயுறுவோர்க்கு ஒன்று கூறுவோம். கணினியின் உறுப்புகளுள் மிக மெதுவாக மூப்படைவது பெட்டியே. 1995 இல் இன்டெல் கம்பனி வகுத்த ஏரிஎக்ஸ் என்னும் அளவுத்திட்டம் இன்றும் வழக்கிலுள்ளது. அத்திட்டப்படி முழுத் தாய்ப்பலகையின் அளவு 305 மில்லிமீற்றருக்கு 244 மில்லிமீற்றர். ஆதலின், இருபது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஏரிஎக்ஸ் பெட்டியில் இன்றைய தாய்ப்பலகையைத் திருகாணியிட்டுப் பூட்டலாம். சில கம்பனிகள் தமக்கேயுரிய அமைப்பிற் பெட்டிகளைச் செய்தமையின், முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். அளவு பொருந்துமாயின், அப்பெட்டிக்குக் குறையாயிருப்பது பெரும்பாலும் காற்றோட்டமே. பழைய பெட்டிகள் பலவற்றில் 80 மில்லிமீற்றர் விசிறிக்கே இடமுண்டு. அவ்விடத்தை 120 மில்லிமீற்றர் விசிறிக்கு ஏற்ப வெட்டி விரிப்போமாயின், வட்டத்தின் பரப்பளவு ஆரையின் வர்க்கத்துக்கு நேர்விகிதமாதலால், காற்றுப் புகும் வாயில் இரண்டேகால் மடங்காகும். விசிறி மெதுவாகச் சுழன்றாலும் போதிய காற்று வரும், இரைச்சலுங் குறையும். வகுப்பறையிற் பரீட்சைக்காக மனனஞ் செய்த கேத்திரகணித வாய்பாடு ஒன்று, இங்கே கையிற் பிடித்த தகட்டில் உயிர்பெறுவதை மாணவன் காண்கின்றான்.

முதன்முறையாக இவ்வேலையிற் புகுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கும் ஒரு கல்வியே. வெட்டுதற்கு முன் உள்ளுறுப்புகள் யாவற்றையும் கழற்றி அப்புறப்படுத்தல் வேண்டும். அரைக்கும்போது உதிரும் இரும்புத்துகள் ஒன்று தாய்ப்பலகையிற் கிடந்தாலும் குறுஞ்சுற்று உண்டாகும். வெட்டவேண்டிய இடத்தில் மாஸ்கிங் ரேப் ஒட்டி, அதன்மேற் கோடு வரைதல் நன்று. கருவி வழுக்கினும் தகடு கீறுபடாது. 120 மில்லிமீற்றர் விசிறியின் திருகாணித் துளைகள் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீற்றர் இடைவெளியில் அமையும். அதனை இருமுறை அளந்து ஒருமுறை துளைத்தல் வேண்டும். வெட்டிய விளிம்பு கத்தி போற் கூர்மையாயிருக்கும். அதனை அரத்தால் மழுங்கச் செய்யாது விடின், பின்னர்க் கையோ கம்பியோ அறுபடும்.

வர்ணந் தீட்டுதல் இவ்வேலையின் மிகச் சிறிய பகுதி என்பதைப் பலர் அறியார். எமது கோயில் வாகனங்களுக்கு வர்ணமிடும் கலைஞரைக் கவனித்தோர் இதனை அறிவர். மரத்தை அராவி, மெருகிட்டு, அடிப்பூச்சுப் பூசிய பின்னரே அவர்கள் வர்ணத்தைத் தொடுவர். கணினிப் பெட்டியின் தகடு பெரும்பாலும் நாகப்பூச்சுடைய மெல்லிய உருக்கு. அவ்வழவழப்பின்மேல் நேரே பூசிய வர்ணம் நாளடைவில் தோல் உரிவது போல் உரிந்துவிடும். ஆதலின், முதலில் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, தேய்ப்புத் தாளாற் சமமாகத் தேய்த்து, நாகத்திற் பற்றக்கூடிய பிரைமரை இட்டு, அது காய்ந்த பின் மீண்டும் மென்தாளால் தேய்த்தல் வேண்டும். முன்பக்கப் பிளாஸ்ரிக் முகப்புக்கு வேறு விதி உண்டு. ஆண்டுகள் சென்ற முகப்பு மஞ்சளாவதற்கு, ஊதாக் கடந்த கதிரும், தீப்பற்றாதிருத்தற்கு அப்பிளாஸ்ரிக்கிற் கலக்கப்பட்ட புரோமீன் சேர்வைகளும் காரணமென்பர். அதனை அசற்றோனாலோ வீரியமான தின்னராலோ துடைத்தால் முகப்பே கரைந்து உருக்குலையும். சவர்க்கார நீரே போதும்.

வர்ணத்தை ஸ்பிறே தகரத்திலிருந்து விசிறும்போது, ஏறக்குறைய ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் நின்று, மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை இடுதல் வேண்டும். ஒரே முறையில் மூடிவிட எண்ணும் அவசரக்காரனின் தகட்டில் வர்ணம் கண்ணீர்போல் வழியும். தொட்டால் ஒட்டாதிருத்தல் வேறு. முற்றக் காய்தல் வேறு. இவற்றுக்கிடையே பொறுத்திருத்தலே புதியவர்க்குக் கடினமான பாடம். எமது யாழ்ப்பாணத்தவர்க்குக் காலமும் ஒரு கணக்கு. மாரிக்காலத்து ஈரக்காற்றிற் பூசிய வர்ணம் வெண்பனி படர்ந்தாற்போல் ஒளி மங்கும். சோழகம் வீசும் மாதங்களிற் செம்மண் புழுதி ஈரப்பூச்சில் வந்தொட்டும். மாரி ஓய்ந்து சோழகம் தொடங்குவதற்கு முன்னுள்ள மாதங்களே ஏற்றவை. வெட்டிய விளிம்பில் நாகப்பூச்சு இல்லையாதலால், கடற்காற்றில் அது விரைவிற் துருவேறும். அவ்விளிம்பை வெறுமையாக விடுதல் ஆகாது.

எவ்விடத்தைப் பூசுவது என்பதோடு எவ்விடத்தைப் பூசாது விடுவது என்பதையும் அறிதல் வேண்டும். உருக்குப் பெட்டி வெறும் மூடியன்று. உள்ளிருந்து எழும் மின்காந்த அலைகளைத் தடுக்குங் காப்பும், புவித்தொடுப்புக்குரிய வழியும் அதுவே. தாய்ப்பலகை அமருங் கால்களும், மின்வழங்கி தகட்டைத் தொடும் இடமும், தகடுகள் ஒன்றோடொன்று பொருந்தும் ஓரங்களும் வர்ணத்தால் மூடப்படின் அத்தொடர்பு குன்றும். அவ்விடங்களை ரேப் ஒட்டி மறைத்த பின்னரே பூசுதல் முறை. பெட்டிக்கு இத்தகைய தொழிலுமுண்டு என்பதைக் கைவேலையினிடையே அறிந்த மாணவன் எளிதில் மறவான்.

ஆபத்து உண்டு என்போர் கூற்றை யாம் மறுக்கவில்லை. மின்வழங்கியின் கூட்டை மாணவர் ஒருபோதும் திறத்தல் ஆகாது. எமது 230 வோல்ற்று மின்சாரத்தின் உச்ச அழுத்தம் ஏறக்குறைய 325 வோல்ற்று. செருகியைக் கழற்றிய பின்னரும் உள்ளேயுள்ள கொள்ளளவிகளில் உயிர் குடிக்கவல்ல மின்னேற்றம் தங்கியிருத்தல் கூடும். வெட்டும்போது பாதுகாப்புக் கண்ணாடியும், வர்ணம் விசிறும்போது திறந்த வெளியும் தக்க முகமூடியும் கட்டாயமானவை. ஆசிரியர் ஒருவர் அருகிருத்தலும் வேண்டும். இவ்வளவு காவலோடு இரசாயன கூடத்தில் அமிலத்தைக் கையாள அனுமதிக்கும் யாம், இரும்புத் தகட்டுக்கு மாத்திரம் அஞ்சுதல் எங்ஙனம் பொருந்தும்?

உண்மையான தடை ஆபத்தன்று; எமது மனப்பான்மையே. இங்கிலீசு கற்று அரசாங்க உத்தியோகம் பெறுதலே கல்வியின் பயனென எண்ணிய காலம் ஒன்றிருந்தது. அரமும் துறப்பணமும் இன்னாருக்கே உரியன என்று வகுத்து, அவற்றைக் கையாண்டோரைத் தாழ்த்தி வைத்த சாதிக் கொடுமையும் எம்மிடையே இருந்தது. முற்றாக மறைந்ததென இன்றுஞ் சொல்வதற்கில்லை. 1927 இல் யாழ்ப்பாணத்துக்கு வருகைதந்த காந்தியடிகள், பத்தாண்டுகளின் பின் 1937 இல் வார்தாவிற் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை எடுத்துரைத்தார். அதன் உட்பொருளை எமது கல்லூரிகள் போதிய அளவு ஏற்றுக்கொள்ளவில்லை என்பதே எமது கருத்து. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லிக்கொண்டே, ஏட்டிலேயே சுரைக்கொடி வளர்த்து வருகின்றோம்.

ஆனால், இடுக்கண் வந்த வேளையில் எமது கைகள் சோம்பியிருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு முதற் பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமில்லை; பொருள்கள் பலவற்றுக்குத் தடையுமிருந்தது. அக்காலத்தில் யாம் சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிற் படித்துப் பரீட்சை எழுதினோம். இப்பழைய மாணவர் பலர் இன்று வெளிநாடுகளிற் பொறியியலாளராகவும் தொழில்நுட்பராகவும் விளங்குகின்றனர். எந்த இயந்திரத்தையும் திறந்து பார்க்கலாம் என்னும் துணிவு அவர்களுக்குத் தேவையால் வந்தது. அவர்தம் பிள்ளைகளுக்கும் மாணாக்கருக்கும் அதனைத் துன்பத்தின் வழியாகவன்றிக் கல்வியின் வழியாகக் கொடுத்தல் எமது கடனன்றோ?

இன்றைய மாணவன் கையிலுள்ள கைத்தொலைபேசி பசையிட்டு ஒட்டப்பட்ட பெட்டகம்; அதனைத் திறத்தலே அரிது. மேசைக் கணினியோ ஒரு திருப்புளியாற் திறக்கக்கூடியது. அதனையும் பூட்டி வைத்து, “தொடாதே” என்று எழுதி ஒட்டுவோமாயின், இயந்திரம் என்பது கடவுள்போல் தூர நின்று வணங்குதற்குரியதென்றே அவன் எண்ணுவான். 2022 இல் டொலரின் விலை சில மாதங்களுள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் உயர்ந்ததை யாவரும் அறிவோம். அத்தகைய நாட்டில், பழையதைத் திருத்தி உபயோகிக்க அறிதல் பொழுதுபோக்கன்று. வாழ்வுக்கு வேண்டிய தகைமை.

நிறமாறும் விளக்குகள் பூட்டிய பெட்டியைப் பெரும்பொருள் கொடுத்துக் கடையில் வாங்குவதை யாம் இங்கு புகழவில்லை. அதிற் பிறர் கைத்திறனே உண்டு. கோணலாக வெட்டிய சாளரமாயினும், ஓரத்திற் சற்றே வழிந்த வர்ணமாயினும், தானே செய்தது என்னும் பெருமை மாணவனுக்குக் கிடைத்தல் வேண்டும். அடுத்த பெட்டியில் அக்கோணலைத் தானே நிமிர்த்துவான்.

ஆகவே, விழாக் காலத்திற் கல்லூரிக்குப் புதிய கணினிகளை அன்பளிப்பாக வழங்க முன்வரும் பழைய மாணவரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். புதிய கணினி பத்து வழங்குவோர், அவற்றுள் ஒன்றின் விலையைக் கருவிகளுக்கு ஒதுக்குவாராக. காற்றோட்டமுள்ள ஓர் அறை, உறுதியான ஒரு மேசை, துளைகருவி, அரங்கள், தேய்ப்புத் தாள்கள், கண்ணாடிகள், முகமூடிகள், சில தகரம் வர்ணம் ஆகியவையே தேவை. பழைய பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. அலுவலகங்களின் பின்னறைகளில் அவை தூசியுண்டு கிடக்கின்றன. ஆண்டுதோறும் ஒரு வகுப்பார் சில பெட்டிகளைத் திருத்தி, வர்ணந் தீட்டி, இயங்கச் செய்து, கணினியில்லாத ஆரம்பப் பாடசாலைகளுக்குக் கல்லூரியின் பெயராற் கொடுப்பாராயின், அவ்வன்பளிப்பில் இரு கொடைகள் உளவாகும். பெற்ற சிறுவர்க்குக் கணினி கிடைக்கும். கொடுத்த மாணவர்க்குக் கையின் மதிப்புத் தெரியும். இதனைப் பழைய மாணவர் சங்கத்தாரும் ஆசிரியப் பெருமக்களும் சிந்தித்து ஆவன செய்வார்களென நம்புகின்றோம்.